காரை ஏற்றி வர ஒரு டிரெய்லர்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாளா, இல்லை மறந்துவிட்டு உங்கள் மேல் பழி போடுகிறாளா?

ஒரு விஷயமாக எழுதுகிறேன். கல்யாணத்தின்போது என் பேரில் நீங்கள் வாங்கிக் கொடுத்த கார் மழைக்காலத்திலிருந்து கொட்டகையில் நிற்கிறது. கிளம்பவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால் உங்கள் மாப்பிள்ளை, "எதுக்கு, நீ எங்க போகப்போற?" என்கிறார். பழைய வண்டி வாங்கி விற்பதுதான் உங்கள் தொழில், உங்களுக்குத் தெரியாததா. ஒரு டிரெய்லர் கொண்டுவந்து அதை நம் யார்டுக்கு ஏற்றிப் போக முடியுமா? நீங்கள் வரும்போது நானும் கூடவே வந்து கொஞ்ச நாள் அங்கே இருக்கலாம் என்று பார்க்கிறேன். எத்தனை நாள் என்பதை வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.

போனில் பேச வேண்டாம் அப்பா. போன் முன்னறையில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதிலை வீட்டு விலாசத்துக்கும் எழுத வேண்டாம். நான் வேலை பார்க்கிற மருந்துக்கடை விலாசத்தைக் கவரின் பின்புறம் எழுதியிருக்கிறேன். கடைக்கார அக்கா பத்திரமாகத் தருவார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 12

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் முனகுகிறது. அம்மா சுகம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

டிரெய்லர் என்றாய். ஊரான் வண்டிக்கெல்லாம் யோசனை சொல்லியே வயிறு வளர்த்தவன், என் மகள் வண்டிக்குச் சொல்ல மாட்டேனா. முதலில் ஒன்று. வாடகைக்கு எடுக்கிற பேச்சே வேண்டாம். வாடகை டிரெய்லர் ஊர்க் கழுதை மாதிரி. எல்லோரும் சுமை ஏற்றுவார்கள், ஒருத்தரும் தீனி போட மாட்டார்கள். டயர் வழுக்கையாக இருக்கும், பின்விளக்கு எரியாது. சொந்தமாகவே வாங்கிவிடுவோம். உன் வேலை முடிந்ததும் எனக்குத் தொழிலுக்கு ஆகும். பாம்பும் செத்தது, தடியும் உடையவில்லை.

இதில் தினுசு பல உண்டு. காரின் முன்சக்கரம் இரண்டை மட்டும் தூக்கி வைத்து, பின்சக்கரத்தைச் சாலையில் உருளவிட்டு இழுக்கிற சின்ன டிரெய்லர் ஒன்று இருக்கிறது. மலிவு. ஆனால் உன் வண்டி மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. பின்பிரேக் இறுகிப்போயிருந்தால் வழியெல்லாம் புகைதான். அது வேண்டாம். ஒற்றை ஆக்சில் போட்டது இன்னொன்று. அதில் ஒரு டயர் வெடித்தால் மொத்தமும் படுத்துவிடும். இரண்டு ஆக்சில், நாலு சக்கரம் போட்டதுதான் சரி. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். குடும்பம் மாதிரி.

உன்னிடமிருந்து எனக்கு வேண்டியவை: காரின் நீளம், இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலம், அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம். தள்ளினால் உருளுகிறதா? கொட்டகை வாசலில் திரும்ப இடம் இருக்கிறதா? அளவு தெரியாமல் டிரெய்லர் வாங்குவது காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குவதற்குச் சமம்.

நம் வெல்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டான். வாயை மூடவே மாட்டான் என்பதால் எல்லோரும் மௌனி என்று கூப்பிடுகிறார்களே, அவன்தான். "பாப்பா காரா மொதலாளி? கயிறு கட்டி ஜீப்புல நானே இழுத்துட்டு வந்துடறேன். நாளைக்கே போறேன்" என்று குதித்தான். "உன் வாயைக் கட்டவே கயிறு பத்தல, இதுல காருக்கு வேறயா" என்றேன். பதறிய காரியம் சிதறும் அம்மா. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். உனக்கு ஏதோ எழுதச் சொன்னாள். தாள் தீர்ந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்
அப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா என்ன எழுதச் சொன்னாள்?

அவர் வேலைக்குப் போனபிறகு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். நீங்கள் கேட்ட அளவுகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அடிவயிற்றுக்காகப் படுத்து அளந்ததில் கை முழுக்கக் கரி. அவர் வருவதற்குள் தேய்த்துக் கழுவினேன். வண்டி உருளுகிறது, கொஞ்சம் முனகிக்கொண்டு, உங்கள் முழங்கால் மாதிரி. வாசலில் டிரெய்லர் திரும்ப இடம் இருக்கிறது.

நானும் சிலது கேட்க வேண்டும். சாவி அவரிடம் இருக்கிறது. பீரோ சாவியோடு சேர்த்துக் கோத்து எப்போதும் பையிலேயே வைத்திருக்கிறார். சாவி இல்லாமல் ஒரு காரை டிரெய்லரில் ஏற்ற முடியுமா?

நாலு பக்கமும் மூடின டிரெய்லர் உண்டா? தெருவில் எல்லோரும் நின்று பார்க்க வேண்டாமே என்றுதான்.

காரின் பின்சீட்டில் சாமான் வைக்கலாமா? அதிகமில்லை. என் தையல் மெஷின், இரண்டு பெட்டி, படித்த சான்றிதழ்கள். ஜீப்பில் ஓட்டுகிறவர் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கும் அல்லவா? நான் மட்டும்தான். அவர் வரமாட்டார்.

எப்போது வருவீர்கள் என்று ஒரு தேதி எழுதினால் நல்லது.

உங்கள் மகள்


மார்ச் 8

அன்பு மகளுக்கு,

பதில் தாமதம். டிரெய்லர் பார்க்க மூன்று ஊர் அலைந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவும் சௌக்கியம்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். மூடின டிரெய்லர் என்பது ஒரு வீட்டைக் கட்டி இழுப்பது. எடை அதிகம், பக்கக்காற்று அடித்தால் பாய்மரம் மாதிரி தள்ளும், என் ஜீப்புக்கு மூச்சு வாங்கும். தெரு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். ரிப்பேர் வண்டியை ஏற்றிப் போவதில் என்ன வெட்கம்? திறந்ததே போதும்.

காருக்குள் ஒரு துரும்பு வைக்காதே. டிரெய்லரில் எடை எங்கே உட்காருகிறது என்பதுதான் வித்தையே. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு முன்னால் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகம் எடுத்ததும் வாலாட்ட ஆரம்பிக்கும், அப்புறம் இழுக்கிற வண்டியையே புரட்டிவிடும். கொஞ்ச நாள் இருக்க வருகிறவளுக்குத் தையல் மெஷின் எதற்கு? அம்மாவுடையது இங்கே சும்மாதான் கிடக்கிறது.

சாவி இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டு சக்கரம் கோணலாக நிற்கும். தவணை கட்டாதவன் வண்டியைத் தூக்க வருகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் உருளைப் பலகை கொடுத்துத் தள்ளி ஏற்றுவார்கள். நாம் என்ன அப்படியா போகிறோம்? மாப்பிள்ளையிடம் கேள், தருவார். பெண்டாட்டி கேட்டுத் தராத சாவியும் உண்டா.

பொருளைக் கண்டுபிடித்துவிட்டேன். நகரத்துக்கு வெளியே ஒரு தாடிக்காரர் வைத்திருக்கிறார். இரண்டு ஆக்சில், தட்டு அப்படியே பின்பக்கம் சாய்கிறது, கையால் சுற்றி இழுக்கிற வின்ச்சும் இருக்கிறது. பார்த்ததுமே மனசு நின்றுவிட்டது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. நான் மேலே வந்ததே இந்த ஒரு பழக்கத்தால்தான். முதல் தடவை போய்ச் சும்மா சுற்றிப் பார்ப்பேன். அடுத்த தடவை போய் வேறு எதையாவது விலை கேட்பேன். அதற்கப்புறம் அவனே கூப்பிடுவான்.

"எதுக்கு சார் வேணும், அவசரமா?" என்றார் தாடிக்காரர்.

"அவசரமா? சும்மா இந்தப் பக்கம் வந்தேன், நிழலா இருந்துச்சு, நின்னேன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

இப்படித்தான் போன வாரம் ஒருத்தன் என்னிடம் வாங்கின வேனைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினான். சத்தம் போடுகிறதாம், சரிப்பட்டு வரவில்லையாம். "வித்தது வித்ததுதான் தம்பி. எல்லா வண்டியும் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். ஓட்டிப் பழகிக்கணும்" என்று அனுப்பிவிட்டேன். ஒருத்தனுக்குத் திரும்ப எடுத்தால் நாளைக்கு யார்டு வாசலில் வரிசை நிற்கும்.

அம்மா சொன்னதை எழுதச் சொல்லி நச்சரிக்கிறாள். நேரில் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

அன்புடன்
அப்பா


மார்ச் 15

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. கடையிலேயே நின்றபடி படித்தேன், அங்கேயே எழுதுகிறேன்.

எந்த டிரெய்லர் ஆனாலும் சரி. ஒற்றை ஆக்சில் ஆனாலும் சரி. டிரெய்லர் கிடைக்காவிட்டால் மௌனி அண்ணனைக் கயிற்றோடு அனுப்புங்கள். சாமான் எதுவும் எடுத்து வரவில்லை.

இந்த மாதக் கடைசி வாரம் அவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறார். திங்கள் போய் வெள்ளி ராத்திரி வருகிறார். அந்த நாட்களுக்குள் வாருங்கள். ஏப்ரலிலிருந்து நான் கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்னால் எழுத முடியாது.

அம்மாவிடம் நான் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

மகள்


மார்ச் 28

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

இந்த வாரம் வர முடியவில்லை. கோபப்படாதே, காரணம் இரண்டு இருக்கிறது. ஒன்று, தாடிக்காரர் இறங்கி வருகிற சமயம். நேற்று அவரே ஆள் அனுப்பிவிட்டார். இப்போது போய் விழுந்தால் இத்தனை நாள் காத்திருந்தது வீண். இன்னும் ஒரு வாரம், அவர் வழிக்கு வந்துவிடுவார். நாள் முன்னே பின்னே ஆனால் கார் என்ன ஓடியா போகும்?

இரண்டாவது இதைவிட முக்கியம். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மாமனார் வந்து வண்டியையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனான் என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? நாளைக்கு நீ திரும்பிப் போய் அங்கே வாழ வேண்டாமா? எதையும் முறையாகச் செய்தால் பேச்சுக்கு இடமில்லை. அதனால் மாப்பிள்ளைக்கு உங்கள் வீட்டு விலாசத்துக்கே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். வண்டியை எடுக்க வருகிறேன், உங்கள் பெண்டாட்டியும் சில நாள் எங்களோடு இருக்க ஆசைப்படுகிறாள், சாவியை எடுத்து வையுங்கள் என்று. அப்படியே நீ அனுப்பின அளவுகளையும் அதில் எழுதி, ஒரு தடவை சரிபார்க்கச் சொன்னேன். தையல் டேப் இழுத்த இழுப்புக்கு நீளும். ஆம்பிளை அளந்தால் ஒரு நிச்சயம்.

வேலையை விடச் சொன்னதைப் பற்றி நான் கேட்கவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம்.

மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்
அப்பா


ஏப்ரல் 5

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அத்தையும் நலமென்று நம்புகிறேன். இங்கு நாங்கள் இருவரும் நலம்.

ஊரிலிருந்து திரும்பியதும் தங்கள் கடிதம் பார்த்தேன். கார் விஷயமாகத் தாங்கள் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கார் இங்கேயே நிற்கட்டும். அவசியம் வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

அவள் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாள். வீட்டு வேலையே சரியாக இருக்கிறது, அதனால் இனி கடிதம் எழுத நேரம் இராது. சில நாள் தங்கி வருவது பற்றிப் பிறகு யோசிக்கலாம். இனிமேல் எதுவானாலும் எனக்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் கேட்டபடி டேப் வைத்து அளந்தேன். அவள் எழுதியிருந்த அளவுகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

இப்படிக்கு
தங்கள் மருமகன்


ஏப்ரல் 18

அன்பு மகளுக்கு,

இதை மருந்துக்கடை விலாசத்துக்கே போடுகிறேன். எப்படியாவது உன் கைக்கு வரும் என்ற நம்பிக்கை.

மாப்பிள்ளை எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான். வரிக்கு வரி படித்தேன், ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அதை மடித்து வைத்தபிறகு சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிரெய்லர் வாங்கிவிட்டேன். நான் சொன்ன விலைக்குத்தான் தாடிக்காரர் கொடுத்தார். போகும்போது, "உங்களை மாதிரி பொறுமைசாலிய நான் பார்த்ததில்ல சார்" என்றார். யார்டில் நிறுத்தியிருக்கிறேன். மௌனி பெயிண்ட் அடித்திருக்கிறான்.

ஒரு வரி எழுது அம்மா. நலம் என்று மட்டும் எழுதினாலும் போதும். வேறு எதுவானாலும் எழுது.

அப்பா


மே 9

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் மருந்துக்கடை வைத்திருப்பவள். உங்கள் கடிதம் வந்த அன்று அதை உங்கள் மகளிடம் சேர்க்க வழியில்லை. இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்தேன், வீட்டு வாசலிலேயே உங்கள் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும்.

போன வாரம் ஒரு மதியம் கையில் ஒரு துணிப்பையோடு கடைக்கு வந்தாள். "தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்க்கா" என்றாள். அவளுடைய சான்றிதழ்கள் என்னிடம்தான் இருந்தன. காருக்குள் எதுவும் வைக்கக்கூடாது என்று நீங்கள் எழுதிய பிறகு, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து ஒன்றொன்றாகக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். அவற்றையும் நான் தர வேண்டிய சம்பளத்தையும் கொடுத்தேன்.

"நேரா அப்பா வீட்டுக்குப் போயிடும்மா" என்று சொன்னேன். "அங்க காருக்குத்தான்க்கா இடம் இருக்கு" என்றாள். வேறு ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம் என்றிருக்கிறாள். அவளே எழுதும்போது எழுதட்டும். பயப்பட வேண்டாம். போன இடத்தில் என் தங்கை இருக்கிறாள்.

நீங்கள் பெரியவர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முதல் கடிதம் வந்தபோது அதைக் கடையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஊர்க் கழுதை என்று எழுதியிருந்தீர்களே, அதற்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எங்கப்பா இப்படித்தான்க்கா, ஆனா வந்துடுவாரு" என்றாள். அடுத்த கடிதத்தைத் தனியாகப் படித்தாள்.

உங்கள் கடிதத்தை இப்போது அவளுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். இனியும் இங்கே எழுதினால் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு
மருந்துக்கடை அக்கா


மே 20

அன்பு மகளுக்கு,

நீ எங்கே இருந்தாலும் நலமாக இருக்க வேண்டும்.

அக்காவின் கடிதம் வந்த மறுநாளே ஜீப்பை எடுத்தேன். நீ அங்கே இல்லை என்று தெரிந்தும் போனேன். டிரெய்லரை ஏன் மாட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. கை பழகின வேலையைச் செய்தது.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்து, "வாங்க மாமா" என்றார். "எங்கே போயிருக்கா" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் கேட்காமலே பீரோ சாவியிலிருந்து கார் சாவியைக் கழற்றி, "எடுத்துட்டுப் போங்க. இனி எனக்கு எதுக்கு" என்று கொடுத்தார். தேநீர் போட்டுத் தந்தார். குடித்தேன். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிக்கொண்டு போனவன், அவர் வீட்டுத் தேநீரைக் குடித்தேன்.

முன்னறையில் அந்த நாற்காலியையும் போனையும் பார்த்தேன். கையை நீட்டினால் எட்டும் தூரம்.

கார் ஏற்றும்போது பின்னால் நின்று தள்ளியும் கொடுத்தார். தட்டைச் சாய்த்து வின்ச் சுற்றினேன், கார் எண்ணெய் தடவினது போல ஏறி உட்கார்ந்தது. ஓர் அங்குலம் பிசகவில்லை. "நல்ல டிரெய்லர் மாமா, என்ன விலை?" என்றார். நான் சங்கிலியை இழுத்து மாட்டினேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அது ஆடவே இல்லை. பக்கத்து சீட்டைப் பார்க்காமல் ஓட்டி வந்தேன்.

யார்டில் மௌனி பானட்டைத் திறந்தான். பேட்டரி ஒயரை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். வேறு ஒரு குறையும் இல்லை. மாட்டிச் சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே கிளம்பியது. மௌனி அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

கீழே அம்மா எழுத வேண்டுமென்கிறாள். இடம் விட்டிருக்கிறேன்.

அப்பா

கண்ணு, அம்மா எழுதுகிறேன். உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே, "பொண்ணு வீட்டுக்கு வரணும்னு சொல்றா, போய்க் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னேன். அதைத்தான் உனக்கு எழுதச் சொன்னேன். டிரெய்லர் கிடைக்கட்டும் என்றார். இவருக்குப் புரியாமல் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், பஸ் ஏறவும் தெரியும். இந்த வீட்டில் கடிதம் எழுதுவதும் ஊருக்குப் போவதும் அவர் வேலை என்று நானும் உட்கார்ந்திருந்தேன். உன் விலாசத்தை எனக்கு எழுது.


ஆகஸ்ட் 11

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

எழுத இத்தனை நாள் ஆனது. பல தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். இங்கே ஓர் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை. அக்காவின் தங்கையோடு ஓர் அறையில் இருக்கிறேன். கீழே அச்சகம். காலையில் மெஷின் ஓட ஆரம்பித்தால் தரை அதிர்கிறது. முதலில் தூக்கம் போனது, இப்போது அது ஓடாத ஞாயிற்றுக்கிழமைதான் விழிப்பு வருகிறது.

அப்பா, உங்கள் மேல் கோபம் இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. அந்த மார்ச் கடைசி வாரம் முழுக்க வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போவேன். பால்வண்டிக்குக்கூட எழுந்து போயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை செருப்பை வாசல் பக்கமே விட்டிருந்தேன். ராத்திரி அவர் வந்து அதைப் பார்த்துவிட்டு, "எங்கயாச்சும் கிளம்பறியா?" என்றார். எடுத்து உள்ளே வைத்தேன். மறுவாரம் உங்கள் கடிதத்தை என் முன்னால் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த டேப்பைத் தேடி அவர் இழுப்பறையைத் திறந்தபோது, இந்த வீட்டிலிருந்து யாரும் என்னை வந்து கூட்டிப் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பஸ் நினைவுக்கு வந்தது.

காரை விற்றுவிடுங்கள். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். காரை இங்கே கொண்டுவந்து தருகிறேன் என்று கிளம்ப வேண்டாம். நீங்கள் இப்போதைக்கு வரவே வேண்டாம். உங்களைப் பார்த்தால் நான் பழையபடி உங்கள் மகளாகிவிடுவேன், உங்களுக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுவேன். இன்னும் சரியாகவில்லை.

நான் ஒருநாள் வருவேன். இரண்டு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அம்மா வருவதென்றால் வரட்டும். விலாசம் கவரில்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 24

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் அம்மா வந்திருப்பாள். தனியாக இவ்வளவு தூரம் அவள் போனதே இல்லை. "நான் கொண்டுவந்து விட்டுட்டு வாசலோட திரும்பிடறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "அவ வேணாம்னு எழுதியிருக்கா. நீங்க யார்டைப் பாருங்க" என்றாள். பஸ் நிலையத்துக்கு மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதையும் கடைசியில் அவளே வாங்கி ஏற்றிக்கொண்டாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அவளை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். நான் சமைத்துக்கொள்கிறேன். நேற்று அடிப்பிடித்தது, இன்று பரவாயில்லை.

காரை விற்கவில்லை. இரண்டு பேர் கேட்டார்கள், நல்ல விலைக்கே கேட்டார்கள். அது உன் பேரில் இருக்கிறது, நான் யார் விற்க. விற்க வேண்டுமென்றால் நீ வந்த அன்று கையெழுத்துப் போடு, அதுவரை நிற்கட்டும். டிரெய்லரைத் தாடிக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாதி விலைக்குக் கேட்டார். சரி என்றேன். மனிதர் பயந்துவிட்டார். "சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தொழில் இல்லாமல் எனக்குப் பேச்சு வராது, அது உனக்கே தெரியும். உன் அறைக்கு வெயில் வருமா? கிடங்கில் உட்கார இடம் இருக்கிறதா, நாள் முழுக்க நிற்கிற வேலையா? அச்சகச் சத்தம் தலைவலி கொடுக்கிறதா? இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினால் போதும், நீ உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை.

நீ விருந்தாளியாகத்தான் வருவேன் என்றால் அப்படியே வா. இரண்டு நாள் என்றால் இரண்டு நாள். அதில் பேரம் பேச மாட்டேன்.

என்னை இப்போதைக்கு வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வரமாட்டேன். அந்த இப்போதைக்கு என்றைக்காவது முடிந்தால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். பஸ்ஸில், வெறுங்கையோடு வருகிறேன்.

அப்பா